பெரிய வெள்ளிக்கு ஒரு கை உப்பு

என் வீட்டுக்காரரைப் பாவி என்று முதன்முதலில் சொன்னது வேற்று ஆள் இல்லை, என் கூடப் பிறந்த அண்ணன் மரியசூசைதான். அதுவும் எங்கே? கோயில் வாசலில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊரே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது. "சிலுவை சும்மா ஒருத்தனைக் கீழ தள்ளுமா? உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு" என்றார். இருக்கட்டும், அண்ணனுக்கு வைத்திருக்கிறேன் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

சமாச்சாரம் இதுதான். ஆவூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். ஆவூர்க் கோயில் பெரிய கோயில், பழைய கோயில். எங்களுடையது ஓடு போட்ட சின்னக் கோயில். ஆனால் பாஸ்கு என்று வந்துவிட்டால் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. சேசுநாதர் பாடுபட்டு மரித்த கதையைப் பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் திடலில் வேஷம் கட்டி நடத்துவோம். சேசு வேஷம் யாருக்கு என்பதில் எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தையே நின்றுபோயிருக்கிறது. அந்த வேஷம் ஐம்பத்திரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் இன்னாசிக்குக் கிடைத்தது. ஒல்லி உடம்பு, நீள முகம், பிறவியிலேயே பாவப்பட்ட பார்வை. "இனிமே சிலுவைக்கு மரம் தேடுனாப் போதும், சேசுவைத் தேட வேண்டாம்" என்று பாஸ்கு சொல்லிக்கொடுக்கிற அண்ணாவி சவரிநாதனே சொன்னார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு தண்ணீருக்குப் போனேன்.

அந்தப் பெருமைக்கு ஆயுசு பெரிய வெள்ளி வரைக்கும்தான்.

சிலுவையில் ஆணி அடிப்பதெல்லாம் பாவனை. பாதத்துக்கு அடியில் சின்னப் பலகை ஒன்று இருக்கும். அதில் நிற்க வைத்து, கையையும் காலையும் துணியால் கட்டிவிடுவார்கள். கடைசி வார்த்தையைச் சொல்லித் தலையைச் சாய்த்த பிறகுதான் கஷ்டமே ஆரம்பம். ஈட்டியால் குத்துவது, மாதா புலம்பல், உடலைக் கேட்டு ஆள் வருவது என்று பாட்டுக்கு மேல் பாட்டு. அவ்வளவு நேரமும் செத்தவர் அசையக் கூடாது. அன்றைக்கு மாதா புலம்பலின் நடுவில் இவர் முகம் சாம்பல் பூத்து, கால் துவண்டு, கட்டிய துணியில் தொங்கினார். "என்னமா நடிக்கிறான்!" என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கட்டு நழுவி ஆள் சரிந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

பாட்டு முடியாமல் சேசுநாதர் கீழே விழலாமா? வேஷம் கட்டிய சேவகர்கள் நாலு பேர் பாய்ந்து, கக்கத்தில் கையைக் கொடுத்து, சிலுவையோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்தார்கள். நிமிர்த்த நிமிர்த்த முகம் இன்னும் வெளுத்தது. கை கால் வெட்டி இழுத்தது. அய்யோ, எனக்கு உயிரே இல்லை. ஒருவழியாகப் பாட்டு முடிந்து, இறக்கிப் படுக்கப் போட்ட கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "சந்தனம், விடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். சந்தனமேரி என்பது நான்தான்.

அங்கேதான் ஊர் கணக்குப் போட்டது. சிலுவையில் இருந்த வரைக்கும் ஆள் செத்துக்கொண்டிருந்தார், சிலுவையை விட்டு இறக்கியதும் பிழைத்துவிட்டார். அப்படியானால் சிலுவைக்கு இவர் ஆகவில்லை. சிலுவைக்கு ஆகாதவன் யார்? பாவி. இந்தக் கணக்கைத்தான் என் அண்ணன் கோயில் வாசலில் வாய்விட்டுச் சொன்னார்.

அண்ணனுக்குப் பாஸ்குவில் ரோமாபுரிச் சேவகர்களின் தலைவன் வேஷம். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் செய்த மார்புக் கவசம், கையில் ஈட்டி, சிலுவைக்கு அடியில் கல்லு மாதிரி நிற்க வேண்டும். வாட்டசாட்டமான ஆள், நன்றாகவே நிற்பார். ஆனால் அவருக்குக் கண்ணெல்லாம் சிலுவைக்கு மேலேதான்.

மறுவருஷம் தபசுக்காலம் வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி, சேசு வேஷக்காரர் அந்த நாற்பது நாளும் உப்பில்லாத கஞ்சிதான் குடிக்க வேண்டும். இவர் போன வருஷத்துப் பழிக்குப் பரிகாரமாக அதையும் ஒரு வேளையாகக் குறைத்தார், பகலில் தண்ணீரையும் தொடவில்லை. ஒத்திகையில் சிலுவையில் ஏற்றினார்கள். போன வருஷம் விழுந்த அதே பாட்டு வருவதற்கு முன்பே விழுந்தார்.

"எனக்கு மாப்பிள்ளை மேல ஒரு வருத்தமும் இல்ல. ஆனா பங்கு மானம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் அண்ணன். பங்கு மானமாம், ஊர்க் கோயில் மானமாம்! தபசுக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனிலிருந்து அண்ணனும் ரகசியமாக உப்பில்லாக் கஞ்சி குடிப்பதையும், கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பழகுவதையும் அண்ணி என்னிடம் சொல்லிவிட்டாள்.

அண்ணாவி தீர்ப்புச் சொன்னார். பெரிய வெள்ளியன்று இன்னாசியையே ஏற்றுவது. விழுந்தால் அடுத்த வருஷத்திலிருந்து வேஷம் அண்ணனுக்கு.

இவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "வேஷம் போனாப் போகட்டும் சந்தனம். பாவின்னு பேரு நின்னுருச்சுன்னா பிள்ளைக தலையிலயும்ல விடியும்?" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தால் ஆத்திரம்தான் ஜெயிக்கும்.

"எங்கிட்ட நெசத்தைச் சொல்லிருங்க. என்ன பாவம் பண்ணுனீங்க?"

வெகுநேரம் யோசித்தார். சின்ன வயசில் கோயில் மரத்துப் புளியம்பழம் உலுக்கியது. மாடு விற்றபோது கறவையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. பிரசங்கத்தில் தூங்கியது. "அப்புறம்…" என்று இழுத்தார்.

"ம்?"

"கொழம்பு நல்லா இருக்குன்னு ஒங்கிட்டச் சொல்றது. சில நாளு அது பொய்."

அன்றைக்கு அவருக்கு அந்தக் கஞ்சியும் கிடையாது.

சாமியார் காதில் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லி, எங்கள் மிக்கேல் சாமியாருக்கே சலித்துவிட்டது. "இன்னாசி, அந்தப் புளியம்பழத்தை எத்தனை தடவைப்பா மன்னிக்கிறது? சர்வேசுரன் எப்பவோ மறந்துட்டார், நீதான் ஞாபகப்படுத்துற" என்று இவரிடமே சொல்லிவிட்டாராம். எனக்கும் தெளிவாகிவிட்டது. இந்தப் பாவத்துக்கெல்லாம் சிலுவை தள்ளும் என்றால் எங்கள் ஊரில் ஒருத்தரும் தரையில்கூட நிற்க முடியாது. அப்படியானால் இது உடம்பில்தான் ஏதோ. மறுநாளே கீரனூர் போய்ப் பஸ் பிடித்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ரத்தினவேல் திருமயத்துக்காரர். பாஸ்கு என்ற வார்த்தையையே கேட்டிராதவர்.

"என்ன செய்யுது?"

"சிலுவையில ஏத்துனா மயக்கம் வருதுங்க" என்றார் இவர்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுல ஏத்துனா?"

"சிலுவையிலங்க."

"யாருய்யா ஏத்துறது?"

"ஊரே கூடித்தானுங்க. எங்க மச்சான் முன்ன நின்னு கட்டுவாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "போலீசுல சொன்னீங்களாம்மா?"

நான் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். பிறகு இவரைப் படுக்க வைத்து, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, குழாயைக் காதில் வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். "நல்லாருக்கு. இப்ப எந்திரிச்சு செவுத்தோட நில்லுங்க. சிலுவையில நிக்கிற மாதிரியே. அசையக் கூடாது" என்றார். நிற்க வைத்தே மறுபடியும் பார்த்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று. இவர் நெற்றியில் வேர்வை. முகம் அந்தப் பழைய சாம்பல் நிறம். நான் பாய்ந்து கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினேன்.

"தூக்காதீங்கம்மா!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் நர்சு ஓடி வந்தாள். இரண்டு பேருமாக இவரைக் கட்டிலில் கிடத்தி, காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதட்டில் ரத்தம் ஏறியது. கண்ணைத் திறந்து, "விடிஞ்சிருச்சா?" என்றார்.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "இவருக்கு நெஞ்சு நல்லா இருக்கும்மா. நாம எந்திரிச்சு நின்னோம்னா அரைப்படி ரத்தம் போலக் கீழ, கால் பக்கம் எறங்கிரும். அப்ப தலைக்கு ஏத்துற அழுத்தம் கொறையும். அதைக் கண்டுபிடிக்க இந்தாங்க, இந்தக் கழுத்துக் குழாய்ல நரம்பு இருக்கு. அழுத்தம் கொறைஞ்சதும் அது மூளைக்குச் சேதி சொல்லும். மூளை ஒடனே நெஞ்சை வேகமா அடிக்கச் சொல்லும், ரத்தக் குழாயை எல்லாம் இறுக்கச் சொல்லும். கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும், நமக்குத் தெரியவே தெரியாது."

"கீழ எறங்குன ரத்தம் எப்படிங்க திரும்பி மேல வரும்?" என்று கேட்டேன்.

"ஒங்க கிணத்துத் தண்ணி எப்படி மேல வருது?"

"கவலை மாடு இழுக்குதுங்க."

"கெண்டைக்கால் சதைதான் அந்த மாடு. நீங்க நடந்தாலும் காலை அசைச்சாலும், அது குழாயைப் பிழிஞ்சு ரத்தத்தை மேல தள்ளும். தள்ளுனது திரும்பி வராம உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. நீங்க என்ன பண்ணிட்டீங்க, மாட்டைக் கட்டிப் போட்டுட்டீங்க. ஆமா, என்ன சாப்பிடுறார்?"

சொன்னேன். டாக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"உப்பு இல்லேன்னா ஒடம்புல தண்ணி தங்காதும்மா. தண்ணி கொறைஞ்சா ரத்தம் கொறையும். வெயிலுக்குத் தோல்ல இருக்குற குழாயெல்லாம் வேற விரிஞ்சு கெடக்கும். ஒடம்பு இறுக்கி இறுக்கிப் பார்க்கும். ஒரு கட்டத்துல கையை விட்டுரும். நெஞ்சு மெதுவாயிரும், குழாய் தளந்துரும், ஆள் விழுந்துருவார். விழுந்து படுத்தாத்தான் தலைக்கு ரத்தம் லேசாப் போகும். விழுறது ஒடம்பு தனக்குத் தானே பாத்துக்குற வைத்தியம். அவர் விழுந்தப்ப நீங்கள்லாம் என்ன செஞ்சீங்க?"

"நிமித்திப் பிடிச்சோம்ங்க."

"எவ்வளவு நேரம்?"

"பாட்டு முடியுற வரைக்குங்க."

"நல்ல பாட்டுங்க அது" என்றார் என் வீட்டுக்காரர், படுத்தபடியே.

டாக்டர் இவர் காலுக்கடியில் இருந்த தலையணையைச் சரிசெய்தார். பிறகு, "பொழைச்சது பெரிசு. இனிமே யார் மயங்கி விழுந்தாலும் நிமித்தாதீங்க. படுக்கப் போட்டுக் காலைத் தூக்குங்க" என்றார். இவர் சின்னப்பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "படுக்கப் போட்டுக் காலைத் தூக்கணும்" என்று சொல்லிக்கொண்டார்.

"அப்ப இதுல பாவம்னு ஒண்ணும் இல்லியேங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது.

"உப்புப் போடாததுதாம்மா பாவம்" என்றார்.

ஊருக்கு வந்து நேராகச் சாமியார் வீட்டுக்குப் போனேன். "உப்பை நானா வேண்டாம்னேன்? ஒங்க ஊர் வழக்கமாச்சேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். போட்டுக் கொடு, நான் சொன்னேன்னு சொல்லு" என்றார் சாமியார். அண்ணாவிதான் முரண்டினார். ரத்தம் கீழே தங்காமல் இருக்கக் காலைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டலாமா என்றதற்கு, "சேசுநாதருக்குப் பட்டாளத்துக்காரன் கால்பட்டியா?" என்றார். காலை லேசாக அசைக்கலாமா என்றதற்கு, "செத்தவர் ஆடுவாரா?" என்றார். டாக்டர் அதற்கும் வழி சொல்லியிருந்தார். வெளியே தெரியாமல் கெண்டைக்காலையும் தொடையையும் பிட்டத்துச் சதையையும் இறுக்கி இறுக்கி விட வேண்டும். அன்று முதல் சாயங்காலமானால் இவரை மாட்டுக் கொட்டகைத் தூணில் சாய்த்து நிற்க வைத்து நான் எதிரில் உட்கார்ந்துகொள்வேன். "இறுக்குங்க… விடுங்க… முகத்தை ஏன் இறுக்குறீங்க? காலை இறுக்குங்க!" முதலில் அவர் இறுக்கினால் புருவமும் சேர்ந்து ஏறியது. சேசுநாதர் கணக்குப் பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது.

அண்ணனுக்குச் செய்தி எட்டியது. "உப்பு திங்கிற சேசுவா? நல்லாருக்குடா பாஸ்கு!" என்று டீக்கடையில் சிரித்தாராம். தன் கஞ்சியில் மட்டும் பிடிவாதமாக ஒரு கல் உப்பு விழ விடவில்லை. டாக்டர் சொன்னதை அண்ணியிடம் சொல்லி அனுப்பினேன். "அதெல்லாம் சீக்காளிக்கு. எனக்கென்ன?" என்று பதில் வந்தது.

பெரிய வெள்ளி வந்தது. வெயிலென்றால் வெயில், திடல் மணலில் கால் வைக்க முடியவில்லை. ஏறுவதற்கு முன்னால் இவருக்கு உப்புப் போட்ட நீர்மோரைச் செம்பு செம்பாகக் கொடுத்தேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஏற்றினார்கள். கடைசி வார்த்தையைச் சொல்லித் தலையைச் சாய்த்தார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது, பக்தியில் பாதி, இப்போது விழுவாரா என்று பாதி. ஈட்டிப் பாட்டு முடிந்தது. மாதா புலம்பல் ஆரம்பித்தது. நான் அவர் தொடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இறுகியது, தளர்ந்தது, இறுகியது. முகம் மரம் மாதிரி. போன வருஷம் விழுந்த அடி வந்தது, போயிற்று. எனக்குச் சத்தம் போட்டுக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. இன்னும் இரண்டே பாட்டுதான்.

அப்போதுதான் சிலுவைக்குக் கீழே தகரம் நடுங்குகிற சத்தம் கேட்டது.

அண்ணன். ஈட்டியை ஊன்றி, முழங்காலை விறைத்துக்கொண்டு, கொதிக்கிற தகரத்துக்குள் அசையாமல் நின்றவரின் முகம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அந்த நிறம் எனக்கு நன்றாகத் தெரியும். ஈட்டி விழுந்தது, அடுத்து அவரும் விழுந்தார். மறைப்பானேன், 'வேணும், நல்லா வேணும்' என்றுதான் என் மனசு முதலில் குதித்தது. ஆனால் அதே நாலு சேவகர்கள் அதே மாதிரி பாய்ந்தார்கள். சேவகத் தலைவன் சிலுவை அடியில் விழுந்து கிடக்கலாமா? கக்கத்தில் கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்தார்கள். அண்ணனின் கண் மேலே சொருகியது, கை வெட்டி இழுத்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் சேலையில் சிக்கிக்கொண்டது. மாதா பாடிக்கொண்டே இருந்தார்.

செத்துத் தலை சாய்ந்திருந்த சேசு கண்ணைத் திறந்தார்.

"டேய், நிமித்தாதீங்கடா!"

புலம்பல் பாதி வார்த்தையில் நின்றது. சேவகர்கள் வாயைப் பிளந்து மேலே பார்த்தார்கள், பிடியை மட்டும் விடவில்லை.

"படுக்கப் போட்டுக் காலைத் தூக்குங்கடா! எங்க மச்சான் செத்துருவாருடா!"

இந்த ஒரு சத்தத்தில் வேஷம் போயிற்று, ஒரு மாதம் பட்ட பாடு போயிற்று, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் யோசிக்கவே இல்லை. சேவகர்கள் பயத்தில் கையை விட்டார்கள். நான் ஓடிப்போய் அண்ணனின் இரண்டு காலையும் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். தகரத்தை யாரோ கழற்றினார்கள். உதட்டில் மெல்ல ரத்தம் ஏறியது.

அண்ணன் கண்ணைத் திறந்தார். மல்லாந்து கிடந்தவருக்கு நேர் மேலே வானம், வானத்துக்குக் குறுக்கே சிலுவை, சிலுவையில் முள்முடியோடு ஒரு முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தான் எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

"சேசுவே!" என்று கையைக் கூப்பினார். ஊர் முழுக்கக் கேட்டது. "எம் மாப்பிள்ளையைப் பாவின்னு சொல்லிட்டேன். பொறாமைதான் ஆண்டவரே, வேஷத்து மேல ஆசை. அவன் ஒரு பாவமும் அறியாதவன். என்னை மன்னிச்சிரும்!"

சிலுவையிலிருந்து பதில் வந்தது. "மன்னிச்சாச்சு மச்சான். எந்திரிக்காம கொஞ்சம் படுத்தே இரு."

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. ஆனால் சிரித்தவர்கள் எல்லோர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. இவர் அமைதியாகத் தலையைச் சாய்த்து மறுபடியும் செத்தார். மாதா தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பாடினார். மீதிப் பாட்டு முழுவதும் முடிகிற வரைக்கும் இவர் விழவில்லை.

அண்ணாவிதான் தாம்தூம் என்று குதித்தார். "செத்தவர் பேசலாமா சாமி? வேதத்துல எங்க இருக்கு?" மிக்கேல் சாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூணாம் நாள் எந்திரிக்கப் போறவர்தானே, அவசரம்னு கொஞ்சம் முந்திட்டார். அடுத்த வருஷமும் இன்னாசியே ஏறட்டும்" என்றார்.

அடுத்த விபூதிப் புதனன்று காலையில் வாசலில் அண்ணன் நின்றார். கையில் மூடி போட்ட தூக்குச் சட்டி.

"மாப்பிள்ளைக்குக் கஞ்சி. நானே போட்டது" என்றார்.

ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். நாக்கில் வைக்க முடியவில்லை. "என்னண்ணே இது, மீமிசல் கடலையே மொண்டுட்டு வந்துட்டீங்களா?"

"இருக்கட்டும் சந்தனம். ரெண்டு வருஷத்துக்கும் சேத்துப் போட்டிருக்கேன்" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் சட்டியை வாங்கி, முகம் சுளிக்காமல், ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு மச்சான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதைச் சங்கீர்த்தனத்துல சொல்லணுமா சந்தனம்?" என்று கேட்டார்.